ஏழையின் குழலும் துரையின் ரைபிளும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்பவர்கள் வண்டலூர்க் காப்புக்காட்டைக் கடந்து, கூடுவாஞ்சேரி தாண்டி மறைமலை நகரை அடைகிறார்கள். தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மண்டிவிட்ட இந்நிலம் ஒரு காலத்தில் வேட்டை நிலமாக இருந்தது என்றால் நம்புவது கடினம். ஆனால் ஏரியும் புதர்க்காடும் மாறி மாறி வரும் பழைய செங்கல்பட்டுச் சீமையில் முயலும் கௌதாரியும் நரியும் நீர்ப்பறவைகளும் நிறைந்திருந்தன. அவற்றைத் தேடிய துப்பாக்கிகளும் இருந்தன. கைக்கு இலகுவானதும் குறி தவறாததும் விலை மலிவானதுமான ஒரு துப்பாக்கியை மனிதர் எவ்வாறு தேர்ந்தெடுத்தனர்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் கருவிகளைவிட அதிகாரத்தைப் பற்றியே மிகுதியாகத் தெரிந்துகொள்கிறோம்.

முதலில் ஏழையின் துப்பாக்கி. நரிக்குறவர்கள் தோளில் சுமந்து திரிந்த நாட்டுத் துப்பாக்கியை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருப்போம். நீண்டு மெலிந்த ஒற்றைக் குழல், கையால் செதுக்கிய கட்டை. வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்துக் கம்பியால் இடித்து, ஈய ரவைகளைப் போட்டு, மீண்டும் அடைத்து, கேப்பு வைத்துச் சுட வேண்டும். இதற்குக் 'கெட்டித்தல்' என்று பெயர். குழலின் உட்புறம் வழவழப்பானது. ரைபிளின் குழலில் உள்ள சுருள் வரிகள் குண்டைச் சுழலச் செய்து நேராக அனுப்புகின்றன. இதில் அவ்வரிகள் கிடையா. ஆகவே தொலைவுக்குப் பயன்படாது. ஒரு முறை சுட்டபின் மறுபடி கெட்டிப்பதற்குள் இரை பறந்துவிடும்.

இக்குறைகளையெல்லாம் வேட்டைக்காரனின் உடல்தான் ஈடுசெய்தது. பறவையின் குரலில் கூவி அழைப்பது, காற்றின் திசையறிந்து தவழ்ந்து நெருங்குவது, ஒரே வெடியில் காரியத்தை முடிப்பது. மருந்தும் ஈயமும் காசு கொடுத்து வாங்குபவை என்பதால், தவறிய ஒவ்வொரு வெடியும் அன்றைய சோற்றில் ஒரு கவளம். குறி தவறாமை அவர்களுக்குப் பெருமையன்று, சிக்கனம்.

இனி துரையின் துப்பாக்கி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கடைகளில் கையால் இழைத்துச் செய்யப்பட்ட கனத்த இரட்டைக்குழல் ரைபிள்கள் சுமார் ஐந்து கிலோ எடை கொண்டவை. மகாராஜாக்களும் பெருந்துரைகளும் மட்டுமே வாங்கக்கூடிய விலை. சுமக்க ஓர் ஆளும் வேண்டும். இதற்கு மாற்றாக வந்தவை மௌசர் பொறியமைப்பின்மேல் கட்டப்பட்ட, தாழ்ப்பாள் இழுத்துச் சுடும் ரைபிள்கள். லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 அவ்வகையைச் சேர்ந்தது. எடை மூன்றரைக் கிலோவை ஒட்டியது, விலை இரட்டைக்குழலில் ஒரு பகுதிதான். சம்பாவத்து ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது இந்த ரைபிளே. ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இச்சிறு குண்டே போதுமாக இருந்தது. அந்தக் கணக்கு நம்மை நடுங்க வைக்கிறது. ஆயினும் கருவியின் கனத்தைவிட விலங்கின் உடலமைப்பைப் பற்றிய அறிவே பெரிது என்பதற்கு அதுவே சான்று.

கார்பெட்டின் முதல் துப்பாக்கி ரிக்பி அன்று என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். சிறுவனாக அவர் கையில் கிடைத்தது ஒரு குழல் பிளந்துபோன, கம்பி சுற்றிக் கட்டிய, பழைய வாய்வழித் துப்பாக்கி. அவருடைய பிற்காலப் பொறுமைக்கும் நிதானத்துக்கும் அந்த ஓட்டைக் குழலும் ஓர் ஆசான் என்றே நாம் கருதுகிறோம். நம் பக்கத்தில் ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்ததும் லண்டன் இரட்டைக்குழல் அன்று, அமெரிக்க வின்செஸ்டர்.405.

ஆனால் இந்தியாவில் துப்பாக்கித் தேர்வு என்பது விலையும் எடையும் மட்டும் சார்ந்ததாக ஒருபோதும் இருந்ததில்லை. வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. ராணுவக் குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் 1907இல் .450 விட்டமுள்ள ரைபிள்கள் தடை செய்யப்பட்டன. உடனே லண்டன் கம்மியர் .465, .470 என்று புது விட்டங்களைப் படைத்தனர். ராணுவத்தின் .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் அவ்விடத்தை .315 பிடித்தது. அதன் தோட்டா ஆஸ்திரியாவின் பழைய மான்லிஷர் தோட்டாவிலிருந்து வந்தது. விடுதலைக்குப் பின் வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை செய்த .315 ரைபிளே நடுத்தர வருவாய்க்காரர்களின் துப்பாக்கியாயிற்று. 'நல்ல துப்பாக்கி எது' என்று கேட்டவருக்குச் சட்டம் முன்கூட்டியே விடை எழுதி வைத்திருந்தது.

துப்பாக்கியே வேண்டாம் என்ற ஒரு தேர்வையும் இம்மாவட்டம் அறியும். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். அதே நூற்றாண்டுகளில் அதே மாவட்டத்தில் பறவையைச் சுட்டு உயிர் வாழ்ந்தவரும் இருந்தனர். இருவருக்கும் பறவையே வயிற்றுப்பாடு. இதில் ஒருவரைச் சான்றோராகவும் மற்றவரைக் கொடியோராகவும் எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டைக்கு எஞ்சியிருந்த வாயில்களையும் ஏறத்தாழ அடைத்தது. அச்சட்டம் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அது இல்லையேல் எஞ்சிய காடும் எஞ்சியிராது. ஆனால் காட்டை வெறுமையாக்கியவை பெரும்பாலும் துரைகளின் ரைபிள்களும் ஜமீன்களின் விருந்து வேட்டைகளும் கோடரிகளும். சட்டம் வந்தபோது துரையின் ரைபிள் அருங்காட்சியகத்துக்கும் ஏலக் கூடத்துக்கும் போய் மதிப்பு ஏறியது. நரிக்குறவரின் குழல் குற்றத்தின் தடயமாயிற்று. பிழைப்பைப் பறிகொடுத்தவர்கள் பாசிமணியும் ஊசியும் விற்கப் பேருந்து நிலையங்களுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கிடைத்ததும் 2021இல்தான்.

'துப்பாக்கி' என்ற சொல் துருக்கியிலிருந்து புறப்பட்டுப் பல மொழிகளைக் கடந்து தமிழுக்கு வந்தது. குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலும் இதே ஒலியுடைய சொல் உண்டு. அங்கே அதன் பொருள் உணவை உண்டாக்கி என்பது. இரண்டுக்கும் உறவில்லை என்று இலக்கணம் அறிந்தோர் சொல்வர். தனித்தமிழ் கண்ட அடிகளின் பெயர் தாங்கிய நகரில் இருந்துகொண்டு இவ்விரு சொற்களைக் குழப்பக்கூடாதுதான். ஆனால் அந்த நாட்டுக் குழலைத் தோளில் சுமந்தவனுக்கு இரண்டும் ஒரே பொருளாகவே இருந்திருக்கும்.