379 போய் 303 வந்த கதை

குமராட்சிப் பக்கம் வயலில் போர் மோட்டாரின் கேபிள் திருடு போனால், வரப்போரம் ஒரு கருந்திட்டு கிடக்கும். ரப்பரை அங்கேயே எரித்துவிட்டுச் செம்புக் கம்பியை மட்டும் சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதன் நாற்றம் மறுநாள்கூடப் போகாது. இப்படிப்பட்ட திருட்டுக்கு நெடுங்காலம் ஒரே எண்தான்: 379.

இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண் அது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-ல் எழுதிய வரைவிலிருந்து வந்த சட்டம். 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்திருந்தால் அது 380. ஏழாண்டு வரை போகலாம். 379-ல் பொருளுக்கு விலை பார்க்கவில்லை. ஒரு மரக்கால் நெல்லுக்கும் தங்கச் சங்கிலிக்கும் பிரிவு ஒன்றே. கூட்டுவதும் குறைப்பதும் மாஜிஸ்ட்ரேட் கையில். இங்கிலாந்திலோ 1827 வரை பன்னிரண்டு பென்னி என்றொரு கோடு இருந்தது. அதைத் தாண்டிய திருட்டுக்குத் தூக்கு வரைக்கும் சட்டம் இடம் கொடுத்தது. நம் ஊருக்கு அந்தக் கோடு வராமல் போனதை நல்லதென்றே நினைக்கிறேன்.

2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 379 இருந்த இடத்துக்கு 303(2) வந்தது. அதற்கு முன் நடந்த திருட்டுகளின் கட்டுகளில் மட்டும் பழைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறது. புது எண்ணோடு ஒரு விலையும் வந்தது: ஐயாயிரம் ரூபாய். அதற்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தவருக்குச் சிறை கிடையாது. சமூக சேவைதான் தண்டனை. இதை மனதார வரவேற்கிறேன். பசிக்கு எடுத்த பையன் ஜெயிலுக்குப் போய் இன்னும் கெட்டுத் திரும்புவதில் யாருக்கு என்ன லாபம்?

என் மனக்குறை வேறு. புதிய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை, ஐயாயிரத்துக்குக் குறைந்த திருட்டைப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாத குற்றமாக்கிவிட்டது. புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, புகார் கொடுத்தவரை மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுப்ப வேண்டும். அவர் உத்தரவிட்டால்தான் விசாரணை. திருடனிடம் காட்டும் இரக்கத்துக்கும் பறிகொடுத்தவரை அலையவிடுவதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் ஒரே தொகையை வைத்திருக்க வேண்டியதில்லை.

நாலாயிரம் ரூபாய் கேபிள் குத்தகைக்காரருக்குச் சின்னப் பொருளா? பழைய இரும்புக்கடையில் செம்புக்கு என்ன எடை போட்டார்களோ அதுவா விலை, புதுச்சுருள் வாங்க ஆகும் காசா? வாங்கிய பில்லைப் பரணில் தேடவேண்டியவர் அவர்தான். அதற்குள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச, பக்கத்து வயல்காரரிடம் மோட்டார் கேட்டு நிற்க வேண்டும்.