அமாவாசையை இழுத்துச் சென்ற தேனிலவு

சாலைப் பயணத்தில் மலரும் காதலைச் சொன்ன ஹாலிவுட் நகைச்சுவைகளின் வரலாற்றை எழுதுபவர்கள், 1934இல் வெளிவந்த ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். பேருந்தில் சந்தித்துக்கொள்ளும் ஆணும் பெண்ணும் வழிநெடுகச் சண்டையிட்டு, இறுதியில் மணந்துகொள்கிறார்கள். அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. மணந்துகொண்டவர்கள் மறுநாள் மீண்டும் சாலையில் இறங்கினால் என்ன ஆகும்? சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1954இல், வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய 'த லாங், லாங் டிரெய்லர்' அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. (டிரெய்லர் என்றதும் நம்மவர்களுக்குத் திரைப்பட முன்னோட்டம்தான் நினைவுக்கு வரும். இது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு.) மின்னெல்லியைக் கொண்டாடுபவர்கள் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்', 'த பேண்ட் வாகன்' ஆகிய இசைப்படங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இந்தப் படத்தை ஒரு வரியில் கடந்துபோவார்கள். சேற்றில் விழுந்து புரளும் வெற்றுச் சிரிப்புப் படம் என்பது அவர்கள் எண்ணம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. போருக்குப் பிந்திய அமெரிக்கா தன் குடும்ப வாழ்வைப் பற்றிக் கொண்டிருந்த இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடம் இந்தப் படம் என்றே நாம் கருதுகிறோம்.

முதல் ஆசை வீடு. 1930களின் பெருமந்தத்திலும் அதைத் தொடர்ந்த போர்க்காலத்திலும் அமெரிக்காவில் வீடு கட்டுவது வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. 1945க்குப் பின் இலட்சக்கணக்கான படைவீரர்கள் ஊர் திரும்பினார்கள், மணம் செய்துகொண்டார்கள், குழந்தைகளைப் பெற்றார்கள். இருக்க இடம் இல்லை. போர்த் தளவாட ஆலைகளின் தொழிலாளர்களைக் குடியமர்த்துவதற்கு ஏற்கெனவே பயன்பட்ட இழுவை வீடுகள், இப்போது பல்கலைக்கழக வளாகங்களில் படிக்க வந்த முன்னாள் வீரர்களின் குடும்பங்களுக்கும் கூரையாயின. விடுமுறைக்குச் சுற்றுலா போவதற்கென்று பிறந்த வண்டி மெல்ல மெல்லக் குடியிருப்பாக மாறியது. ஆண்டுக்காண்டு நீளம் கூடிக்கொண்டே போயிற்று. நெடுஞ்சாலை விதிகளால் அகலம் மட்டும் எட்டடியில் நின்றது. அந்த வரம்பும் ஐம்பதுகளின் நடுவில் தளர்ந்து பத்தடி அகல வண்டிகள் வந்தபோது, அவற்றை வண்டி என்று சொல்வதே பெயரளவுக்குத்தான் என்றாகிவிட்டது.

இரண்டாவது ஆசை சாலை. பெட்ரோலுக்கு இருந்த போர்க்காலப் பங்கீடு நீங்கிய பிறகு, கார் வாங்கக்கூடிய எவருக்கும் நாடு முழுவதும் தன் முற்றம் என்ற மிதப்பு வந்துவிட்டது. ஆனால் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட பெரும் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது 1956இல்தான். படம் எடுக்கப்பட்ட 1953இல் மலைப்பாதைகளில் பல இன்னும் ஒடுங்கியவை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். வீட்டையும் விடமாட்டோம், சாலையையும் விடமாட்டோம் என்றவர்கள் அந்தப் பாதைகளில்தான் வீட்டை இழுத்துக்கொண்டு ஏறவேண்டியிருந்தது.

படத்தின் மூலம் கிளின்டன் ட்விஸ் 1951இல் வெளியிட்ட நகைச்சுவை நூல். கதை எளியது. வேலையின் பொருட்டு ஊர் ஊராக மாறவேண்டிய நிலையில் இருக்கும் நிக்கி கொலீனியை மணக்கப்போகும் டேஸி, வாடகைக்கும் விடுதிக்கும் பணத்தைக் கொட்டுவானேன், ஓர் இழுவை வீட்டை வாங்கினால் எங்கே போனாலும் அதுவே நம் வீடாகுமே என்கிறாள். சிறிய வண்டி ஒன்றைப் பார்க்கத்தான் போகிறார்கள். வாங்கி வருவதோ முப்பத்தாறு அடி நீளமுள்ள ராட்சத வண்டி. அதன் தயாரிப்புப் பெயர் 'நியூ மூன்'. இந்தப் பெயரைத் தமிழாக்கினால் அமாவாசை என்றாகும். தேனிலவுக்குக் கிளம்பியவர்கள் அமாவாசையைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது படத்தை எழுதியவர்களுக்கே தெரியாத வேடிக்கை. அதன் பிறகு இழுவைக் கொக்கி, பிரேக் என்று செலவு வால் போல் நீள்கிறது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம்மவர்கள் இரண்டு தனித்தனிச் சோதனைகளாகச் சொல்லி வைத்ததை, நிக்கி ஒரே வாரத்தில் சேர்த்துச் செய்துவிட்டான்.

சண்டைகள் சிறியவையாகவே தொடங்குகின்றன. முதலிரவில், உதவி செய்கிறோம் என்று அண்டை வண்டிக்காரர்கள் கூட்டமாக உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். அடுத்த இரவு, மழையில் சகதியில் சாய்ந்து நின்ற வண்டியிலிருந்து டேஸி நேராகச் சேற்றில் விழுகிறாள். உறவினர் வீட்டில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தப்போய், அங்கே பொன்போல் வளர்த்திருந்த ரோஜாச் செடியை நிக்கி நாசம் செய்கிறான். ஓடும் வண்டிக்குள் அவள் இரவு உணவு சமைக்க முயலும் காட்சி புகழ்பெற்றது. முன்னால் அவன் நிம்மதியாகப் பாடிக்கொண்டு காரை ஓட்ட, பின்னால் அவள் மாவிலும் காய்கறியிலும் முங்கி எழுகிறாள். ஒரே பயணம்தான், ஆனால் கணவன் போகும் சாலை வேறு, மனைவி போகும் சாலை வேறு. இதை மின்னெல்லி ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

எல்லாம் கற்களில் வந்து முடிகிறது. தங்கிய இடம் ஒவ்வொன்றின் நினைவாகவும் டேஸி ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொள்கிறாள். பழங்களைப் பாகு காய்ச்சிக் கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பியும் வைக்கிறாள். சியரா நெவாடா மலையில் ஏறுவதற்கு முன் பாரத்தைக் குறைக்கவேண்டும், எல்லாவற்றையும் எறிந்துவிடு என்கிறான் நிக்கி. அவள் தலையாட்டிவிட்டு ஒளித்து வைக்கிறாள். லோன் பைன் ஊருக்கு மேலே உள்ள விட்னி போர்ட்டல் சாலையில் படமாக்கப்பட்ட அந்த ஏற்றத்தைப் போல நம்மைச் சிரிக்கவும் நடுங்கவும் வைத்த காட்சிகள் குறைவு. கணவனும் மனைவியும் பயத்தை மறைத்துக்கொண்டு எதையோ பேசிக்கொண்டே போகிறார்கள். பேச்சு ஒன்று, கண் பார்ப்பது வேறொன்று. அவளுக்கு மட்டும் கற்கள் உள்ளே இருப்பது தெரியும். உச்சியில் கதவைத் திறந்து, உருண்ட கற்கள் வீட்டுக்குள் செய்துவைத்திருக்கும் கூத்தைக் காணும் நிக்கி, வெறிபிடித்தவன்போல் அவற்றை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வீசுகிறான்.

நம் சிரிப்பு நின்றுபோகும் இடம் இது. தமிழில் ஊடல் என்ற சொல் இருக்கிறது. கூடலுக்குச் சுவை கூட்டும் அளவான பிணக்கு அது. வள்ளுவர் தம் நூலையே அதில்தான் முடித்தார். இந்தக் காட்சிவரை டேஸியும் நிக்கியும் ஊடிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம். கற்கள் பறக்கும்போது அது துனியாகிவிடுகிறது, முற்றிய வெறுப்பாகிவிடுகிறது. அவன் சொன்னதில் நியாயம் உண்டு. அந்தப் பாரம் இருவரையும் கொன்றிருக்கும். ஆனால் வண்டி முழுவதிலும் அவள் தனக்கென்று தேடிக்கொண்டவை அந்தக் கற்களும் புட்டிகளும்தாம். ஒரு மணவாழ்வு எவ்வளவு சுமையைச் சுமக்கும், அதில் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது, அதைத் தீர்மானிப்பவர் யார்? சாலையில் எத்தனை மைல் போனாலும் தீராத வழக்கு இது.

திரைக்கதையை எழுதியவர்களும் ஒரு கணவன் மனைவியே. 1931இல் மணந்துகொண்ட ஃபிரான்சஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹாக்கெட்டும் 1984இல் குட்ரிச் மறையும்வரை பிரியவில்லை. பேச்சாலேயே ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு அன்பு செய்யும் தம்பதியரை 1934இல் 'த தின் மேன்' படத்தில் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தாம். (இந்தப் படத்தை முடித்தபின் அவர்கள் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை நாடகமாக்கி 1956இல் புலிட்சர் பரிசு பெற்றார்கள் என்பதை நினைக்கும்போது வியப்பாகவே இருக்கிறது.)

திரையில் தோன்றிய தம்பதியரின் கதை வேறு. லூசில் பாலும் டெஸி அர்னாஸும் 1940இல் மணந்துகொண்டார்கள். அவர் ஹாலிவுட்டில் படப்பிடிப்பில் இருப்பார், கியூபாவிலிருந்து வந்த இசைக்கலைஞரான கணவர் தம் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். 1944இல் லூசில் பால் விவாகரத்துக் கோரி நீதிமன்றம் வரை போய், இருவரும் மீண்டும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைப் பிரித்து வைத்தது சாலைதான். கணவரை வீட்டோடு இருக்கச்செய்யும் வழியாகவே அவர் தொலைக்காட்சித் தொடரைக் கண்டார். கியூப உச்சரிப்புள்ள கணவனை அமெரிக்க வீடுகள் ஏற்றுக்கொள்ளுமா என்று சி.பி.எஸ். நிறுவனம் தயங்கியபோது, 1950இல் இருவரும் சேர்ந்து மேடை நிகழ்ச்சியோடு ஊர் ஊராகச் சென்று, ஏற்றுக்கொள்வார்கள் என்று காட்டினார்கள். 1951 அக்டோபரில் 'ஐ லவ் லூசி' தொடங்கியது. 1953 ஜனவரி 19 அன்று தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே நாளில் நிஜத்திலும் மகன் பிறந்தான். மறுநாள் நடந்த ஐசன்ஹோவரின் பதவியேற்பைவிட அதிகம் பேர் அந்தப் பிரசவத்தைப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டுக் கோடையில்தான் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக அவர்கள் இழுவை வீட்டில் ஏறினார்கள். வீட்டில் இலவசமாகக் காணக் கிடைப்பவர்களைக் காசு கொடுத்து யார் வந்து பார்ப்பார்கள் என்று ஸ்டூடியோவில் அச்சம் இருந்தது. அந்த அச்சம் பொய்த்துப் படம் பெருவெற்றி பெற்றது. தொலைக்காட்சியின் கறுப்பு வெள்ளையில் ஒற்றை வரவேற்பறைக்குள் பார்த்துப் பழகிய தம்பதியரை மக்கள் இங்கே மஞ்சள் நிற வண்டியோடும் மலைகளோடும் வண்ணத்தில் பார்த்தார்கள்.

அதே 1954இல்தான் ரோஸலினியின் 'வியாஜ்ஜோ இன் இத்தாலியா' வெளிவந்தது. மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்த ஆங்கிலேயத் தம்பதியர் மரபுரிமையாகக் கிடைத்த வீட்டை விற்பதற்காக நேப்பிள்ஸை நோக்கிக் காரில் போகிறார்கள். இயக்குநரின் மனைவி இங்க்ரிட் பெர்க்மன்தான் நாயகி. அங்கும் ஒரு வீடு, ஒரு கார், தீராத சச்சரவு, கடைசி நிமிடத்தில் ஓர் இணைவு. அதை நவீன சினிமாவின் தொடக்கம் என்று பிரெஞ்சு விமர்சகர்கள் போற்றினார்கள். மின்னெல்லியின் படத்தை அதோடு சேர்த்துப் பார்க்க எவரும் மெனக்கெடவில்லை என்பதில் நமக்குச் சிறிய வருத்தம் உண்டு. இரு படங்களின் சமரசங்களையும் நம்புவது கடினம். 1967இல் ஸ்டான்லி டோனன் 'டூ ஃபார் த ரோட்' எடுத்தபோது, பிரான்சின் சாலைகளில் ஒரே தம்பதியரின் பல பயணங்களைக் காலம் கலைத்து அடுக்கினார். காரைப் பார்த்துத்தான் இது எந்த ஆண்டின் சண்டை என்று தெரிந்துகொள்ளவேண்டும். இறுதிச் சமரசம் ஒரு பொய் என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்ட படம் அது என்பது நம் துணிபு. 2003இல் வந்த 'ஜஸ்ட் மேரீட்' வரை இந்த வகைப் படங்கள் தொடர்ந்தன. ஆனால் அதில் விபத்துகள்தாம் இருந்தன, பாரம் இல்லை.

'த லாங், லாங் டிரெய்லர்' கொட்டும் மழையில் தொடங்கி மழையிலேயே முடிகிறது. வண்டியை விற்பது என்று முடிவாகிவிட்டது, மனைவி போகப்போகிறாள். இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள், நனைந்தபடி தழுவிக்கொள்கிறார்கள். கற்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

1960 மார்ச்சில் அவர்களுடைய கடைசித் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் படப்பிடிப்பு முடிந்த மறுநாள், லூசில் பால் விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய டெஸிலு நிறுவனம் மட்டும் இன்னும் இரண்டு ஆண்டுகள் பொதுச் சொத்தாகவே இருந்தது. 1962இல் அர்னாஸின் பங்கை அவர் விலை கொடுத்து வாங்கி, அதன் தலைமைப் பொறுப்பில் தனியாக அமர்ந்தார்.