தேயிலைக் கூலியும் ரப்பர் கூலியும்: இலங்கை, மலாயா தோட்டத் தமிழர் வாழ்க்கைத் தரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரை, தஞ்சை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை வட்டாரங்களில் பஞ்சமும் கடனும் நெருக்கியபோதெல்லாம் நிலமற்ற குடும்பங்களுக்குத் தெரிந்த போக்கிடங்கள், பர்மாவைத் தவிர்த்தால், பெரும்பாலும் இரண்டே: இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம், மலாயாவின் ரப்பர் தோட்டம். இரண்டையும் ஆண்டது பிரிட்டிஷ் அரசு; இரண்டிலும் ஆள் திரட்டியவர் கங்காணி, அதாவது தம் ஊராரையும் உறவினரையும் அழைத்துச் சென்று தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கிய தலையாள். ஆயினும் இரு நாடுகளிலும் வாழ்க்கை ஒன்றுபோல் அமையவில்லை. எது மேல் என்ற கேள்விக்கு, 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்துக்குப் பின் கண்டியிலும் கோலாலம்பூரிலும் அமர்த்தப்பட்ட இந்திய அரசின் முகவர்கள் பெரிதும் கூலியை அளவுகோலாகக் கொண்டே விடை தேடினார்கள்.

கூலியை மட்டும் பார்த்தால் மலாயாவே முந்தி நின்றது. 1927இல் இயற்றப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கிடைத்தன. அதே காலத்தில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வரையறுக்கப்பட்டிருந்தன. ஆனால் அப்போது இலங்கை ரூபாய் இந்திய ரூபாய்க்குச் சமமாக இருந்தது. நூறு காசு கொண்ட மலாயா வெள்ளியோ ஒன்றரை ரூபாய்க்கும் சற்று மேல் பெற்றதால், மலாயாவின் 50 காசு ஏறத்தாழ 78 சதத்துக்கு இணையாக இருந்தது. இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை மலாயாவின் விலைவாசி விழுங்கியது. மாறாக, இலங்கையில் அரிசியைத் தோட்டமே கட்டுப்படுத்திய விலையில் கொடுத்தது.

கூலி கையில் எவ்வளவு தங்கியது என்பதைக் கடனே முடிவு செய்தது. இலங்கையில் பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. அவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று துரை, அதாவது தோட்ட மேலாளர், எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ தேவைப்பட்டது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும், கட்டிய தொகை மறுபடியும் அவர் தலையிலேயே விழும். இவ்வாறு தோட்டம் மாற மாறக் கடன் பெருகியது. போதாதற்கு, வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் ‘பென்ஸ் காசு’ என்ற நாள் தரகு கங்காணிக்குக் கிடைத்தது. ஆகவே தன் ஆட்களைக் கடனிலிருந்து விடுவிப்பதில் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. மலாயாவிலோ ‘சஞ்சிக்கூலி’ எனப்பட்ட ஒப்பந்த அடிமைத்தனம் 1910வரை நீடித்தபோதிலும், 1907இல் தொடங்கப்பட்ட குடிவரவு நிதி, முதலாளிகளிடம் திரட்டிய பணத்தில் கப்பல் கட்டணத்தைக் கட்டியது. அதன் வழியாக வந்தவர் பினாங்கில் இறங்கும்போது சட்டப்படி கடனாளி அல்லர். தோட்டத்துக் கள்ளுக்கடை அந்தச் சுதந்திரத்தில் ஒரு பங்கை விரைவிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது வேறு கதை.

ஆயினும் மலாயாவுக்கு நிகராக, பல காலம் அதைவிட மிகுதியாகவும், மக்கள் இலங்கைக்கே போனதற்குத் தூரம் ஒரு பெரிய காரணம். 1914க்குப் பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சில மணி நேரத்தில் கடந்துவிட முடிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ ஒரு வாரக் கடல் பயணம். கொழுந்து பறிப்புக்குப் பெண்கள் இன்றியமையாதவர்கள் என்பதால் இலங்கைக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்றார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பிராவில், அதாவது வரிசை வீட்டின் ஓர் அறையில், நெருங்கி வாழ்ந்தாலும் அது குடும்பமாகவே இருந்தது. மலாயாவுக்கு நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்களே போனார்கள்.

உடல்நலத்தில் இலங்கை மலைநாட்டின் உயரமே ஒரு காப்பு. அங்கு வாட்டியது மலேரியாவைவிடக் கொக்கிப்புழு நோய். மலாயாவில் காடழித்து ரப்பர் நட்ட தொடக்க ஆண்டுகளில் மலேரியா தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 1901இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கரையோரத்தில் நோயைக் குறைத்தார். ஆனால் குன்றுப் பகுதிகளில் தெளிந்த ஓடைகளில் வளரும் வேறு வகைக் கொசு நோயைப் பரப்பியதால் அந்த முறை அங்கு பலிக்கவில்லை, ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவேண்டி வந்தது.

1930இல் ரப்பர் விலை வீழ்ந்ததும் மலாயாவின் மேன்மை எத்தனை மெல்லியது என்பது தெரிந்தது. ஆண் கூலி 50 காசிலிருந்து 40 ஆனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்திய அரசு மலாயாவுக்கு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி 1937இல் அளித்த அறிக்கை அங்குள்ள நிலைமையைப் பொதுவாக ஏற்றுக்கொண்டதும், கங்காணி வழி ஆள் சேர்ப்பை நிறுத்தச் சொன்னதும் கூலி என்ற ஒரே அளவுகோலின் எல்லையைக் காட்டுகின்றன. அடுத்த ஆண்டே கூலி மறுபடி வெட்டப்பட, உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்தை இந்தியா தடுத்தது. 1939இல் இலங்கைக்கும் தடை வந்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்த மலாயாத் தமிழர் பல்லாயிரவர். அந்த ஆக்கிரமிப்பிலிருந்து இலங்கை தப்பியது.

போருக்குப் பின் வாழ்க்கைத் தரத்தைப் பிரித்த கோடு கூலியன்று, குடியுரிமை. இலங்கையின் 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தத்தாலும் நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆனார்கள். மலாயா 1957இல் விடுதலை பெற்றபோது அதன் மண்ணில் அதன்பின் பிறந்தவரைக் குடிகளாக ஏற்றது. முன்னரே வாழ்ந்தவர் விண்ணப்பிக்க வழி வைத்தது. அந்த வழியைப் பயன்படுத்தாத தொழிலாளர் பலர் 1969க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாட்டில் சிக்கி நாடு திரும்ப நேர்ந்ததால் மலேசியாவின் பதிவேடும் கறையற்றதன்று. எனினும் ஒரு சமூகம் முழுவதையும் சட்டம் வெளியே தள்ளவில்லை. இலங்கைத் தோட்டத் தமிழரையோ 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரு அரசுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அந்நாட்டுக் குடியுரிமையை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழங்கியது.