வேங்கடத்தின் அடிவாரத்தில் ஒரு மின்விசை வரலாறு

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுகிறது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றும் வரையில் சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே விளங்கிற்று. ஆதலின் இம்மண்ணின் வரலாறு என்றதும் கோயில்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவில் எழுதல் இயல்பு. ஆயினும் கல்லில் வெட்டப்படாத அண்மைக்கால வரலாறு ஒன்றும் இங்கு உண்டு. பெரும் மின்விசையைச் சிறு பேழைக்குள் அடக்கிய வரலாறே அது. நம் குடியிருப்பில் வாழும் தமிழ் மக்கள் அதனை அறிதல் வேண்டும்.

1946இல் அமெரிக்காவில் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்குச் சுமார் 150 கிலோவாட் மின்திறன் தேவைப்பட்டது. 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1958இல் பல உறுப்புகளை ஒரே சில்லில் அமைக்கும் வழி கண்டனர். 1971இல் வந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலி, ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களை நகக்கண் அளவினும் சிறிய சில்லில் தாங்கி நின்றது. சிந்திக்கும் உறுப்பு இவ்வாறு சிறுத்தது. அதற்கு உணவூட்டும் மின்வழங்கியோ அவ்வளவு விரைவில் சிறுக்கவில்லை.

காரணம் யாது? பழைய முறையில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க வேண்டுமாயின், எஞ்சிய 7 வோல்ட்டையும் வெப்பமாக்கி வீணே கழித்தனர். ஓர் ஆம்பியர் மின்னோட்டத்திற்கு 12 வாட் செலவாகும். பயன் 5 வாட் மட்டுமே. செலுத்தியதில் பாதிக்கு மேல் காற்றைச் சூடாக்கிப் போயிற்று! அவ்வெப்பத்தை வெளியேற்றத் தடித்த உலோகத் தகடுகளும், 50 சுழற்சி மின்சாரத்தைத் தாங்கக் கனத்த இரும்பு மின்மாற்றிகளும் வேண்டியிருந்தன.

மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, கம்பிச்சுருளில் ஆற்றலைச் சேமித்துச் சேமித்து அளிக்கும் முறை இக்குறையைப் போக்கிற்று. சுழற்சியின் வேகம் மிகுந்தால் சுருளும் அதன் உட்கருவும் சிறுத்துவிடும். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறி இத்தகைய இலேசான மின்வழங்கியைக் கொண்டிருந்தது. 1980களில் கையடக்கமான பவர் மாட்யூல்கள் சந்தைக்கு வந்தன. அவற்றின் வடிவங்கண்டு தொழில்துறையினர் ‘செங்கல்’ என்றே பெயரிட்டனர். பின்னர் அரைச் செங்கல், காற்செங்கல் எனப் பிரிவுகளும் தோன்றின.

இன்றைய நுண்செயலிகள் ஒரு வோல்ட் அளவான அழுத்தத்தில் இயங்குகின்றன. 100 வாட் வேண்டுமெனில் 100 ஆம்பியர் பாய வேண்டும். வழியில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருப்பினும் 10 வாட் அழிந்துபோகும். ஆகவே மாட்யூலைச் சில்லின் அருகிலேயே வைக்கின்றனர். இக்கருத்து நமக்குப் புதிதன்று. 1932இல் பைக்காராவில் பிறந்த மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் கோயமுத்தூர்ச் சமவெளிக்குக் கொணர்ந்து, பயன்படும் இடத்திற்கு அருகில் அழுத்தத்தைத் தணித்தனரன்றோ? நீலமலைக்கும் கோவைக்கும் இடையே நிகழ்ந்தது இப்போது ஒரு விரற்கடைக்குள் நிகழ்கிறது.

இவ்வரலாற்றின் சான்றொன்று சித்தூர்–திருப்பதி நெடுஞ்சாலையை அடுத்த காதங்கியில் இருக்கிறது. வானத்தின் மேலடுக்குக் காற்றை ஆராயும் ரேடார் 1990களின் தொடக்கத்தில் அங்கு அமைந்தது. 32 வரிசைகளில், வரிசைக்கு 32 ஆக 1,024 இடங்களில் அலைவாங்கிகள் நின்றன. 32 பெரிய அலைபரப்பிகள் சேர்ந்து 2.5 மெகாவாட் உச்சத்திறனை அளித்தன. வரிசைக்கு ஒன்றாக நின்ற அவ்வலைபரப்பிகளிலிருந்து வடங்கள் வழியே ஆற்றல் சென்றது. பின்னாளில் அம்முறை மாறிற்று. ஒவ்வோர் அலைவாங்கிக்கும் தனித்தனியே ஒரு கிலோவாட் திடநிலை மாட்யூல் அளிக்கப்பட்டது. அலைபரப்பி ஒன்று பழுதுற்றால் முன்பு ஒரு வரிசையே ஊமையாகும். இன்று ஆயிரத்தில் ஒன்று ஓய்ந்தாலும் எஞ்சியவை பணியைத் தொடரும். தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்று இன்று வழங்குவது அவ்விடமே.

மற்றொரு சான்று திருப்பதியை அடுத்த கரகம்பாடி. சித்தூர் மாவட்டச் சிற்றூரொன்றில் பிறந்த கல்லா இராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் பொறியாளராய்ப் பணியாற்றித் திரும்பி, 1985இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். தொலைபேசி நிலையங்களுக்கும் இரயில்வேக்கும் மின்கலங்களும், இரயில் கைகாட்டிகளுக்கு வேண்டிய மின்வழங்கிகளும் அங்கிருந்து சென்றன. கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் நின்றாலும் எண்முறைக் கருவியின் நினைவு அழியும்; கைகாட்டி மயங்கின் உயிரே போகும். ஆதலின் இத்தொழிலில் நம்பகமே முதற் பண்டம். ஈயத்தைக் கையாளும் தொழிலாதலால் உழைப்பவர் உடல்நலமும் ஊரின் நீரும் காக்கப்படுதல் அதனினும் முதன்மையானது.

அன்பர்களே! நம் பிள்ளைகளுள் பலர் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் கல்வியை நாடிச் செல்கின்றனர், அது நன்றே. ஆனால் அக்கணிப்பொறிக்கு உயிரூட்டும் பேழையின் சில்லுகளுள் பெரும்பகுதியை நம் நாடு இன்றும் வெளியிலிருந்தே பெறுகிறது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நாம், பிறர் செய்ததை வாங்கிப் பயன்கொள்வதோடு அமையலாமா? ஊர் திரும்பிய ஒருவர் தம் மண்ணில் தொழில் நாட்டினார். காதங்கியில் அறிவியலார் மாட்யூல்களால் வானை அளந்தனர். இரண்டும் நம் வாயிலருகே நிகழ்ந்தவை. கம்பிச்சுருளும் காந்தமும் அறிந்த கைகள் நம் குடும்பங்களிலும் தோன்றுமாயின், வேங்கடத்தின் அடிவாரத்து வரலாற்றில் நம் மக்களுக்கும் ஓரிடம் அமையும்.