மியூவானின் பிறழ் காந்தத் திருப்புதிறன்

மியூவான் என்பது எலெக்ட்ரானின் மின்சுமையையும் தற்சுழற்சியையும் அப்படியே கொண்ட, ஆனால் அதைப்போல் ஏறத்தாழ 207 மடங்கு நிறையுள்ள அடிப்படைத் துகள். அது ஒரு நுண் காந்தமும்கூட. அக்காந்தத்தின் வலிமையைக் குறிக்கும் ‘ஜி’ என்ற எண் சரியாக 2 என்கிறது டிராக்கின் 1928ஆம் ஆண்டுச் சமன்பாடு. உண்மையில் அது சற்றே கூடுதல். வெற்றிடத்தில் கணநேரம் தோன்றி மறையும் துகள்களே அதற்குக் காரணம். அந்த மிகையில் பாதியைத்தான் பிறழ் காந்தத் திருப்புதிறன் என்கிறோம். இன்னும் கண்டறியப்படாத கனத்த துகள் ஏதேனும் இருந்தால் அதன் தடமும் இந்த எண்ணில் பதிய வேண்டும். அவ்விளைவு அளக்கப்படும் துகளின் நிறையின் வர்க்கத்தோடு வளர்வதால், எலெக்ட்ரானைவிட மியூவான் சுமார் 43,000 மடங்கு கூருணர்வு உடையது. துகள் இயற்பியலின் நடப்புக் கோட்பாடான சீர்மரபு ஒப்புருவுக்கு அப்பால் எதையேனும் தேடுவோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதன்மேல் கண் வைத்திருந்தது அதனால்தான். 2025இல் அளவீடும் கணிப்பும் பொருந்திவிட்டன என்ற செய்தியோடு புதிர் அவிழ்ந்ததாகப் பரவலாகப் பேசப்பட்டது. சான்றுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. அளவீட்டுக்கும் கோட்பாட்டுக்கும் நடுவே இருந்த பிளவு இப்போது கோட்பாட்டுக்கு அடிப்படையான எண்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

அளவீட்டின்மேல் ஐயம் கொள்ளக் காரணம் மிகக் குறைவு. புரூக்ஹேவன் ஆய்வகத்தின் 50 அடி குறுக்களவுள்ள காந்த வளையம் 2013இல் கடல் வழியாகவும் ஆற்று வழியாகவும் ஃபெர்மி ஆய்வகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அசையா நிலையில் 2.2 மைக்ரோ வினாடியே வாழும் மியூவான், வளையத்துக்குள் ஒளிவேகத்தை நெருங்கிச் சுற்றும்போது சுமார் 64 மைக்ரோ வினாடி தாக்குப்பிடிக்கிறது. சுற்றச் சுற்ற அதன் காந்த அச்சு தலையாட்டுகிறது. சிதையும்போது வெளிப்படும் பாசிட்ரான்களின் எண்ணிக்கை ஏறியிறங்கும் தாளத்திலிருந்து அந்த ஆட்டத்தின் வேகம் தெரிகிறது. பகுப்பாய்வாளர்கள் தாங்கள் விரும்பிய விடையை நோக்கிச் சாயாமலிருக்க, கடிகாரத்தின் துல்லிய அதிர்வெண்ணைக் குழுவுக்கு வெளியே இருவர் மட்டும் மறைத்து வைத்திருந்தார்கள். பகுப்பாய்வு முடிந்த பிறகே உறை பிரிக்கப்பட்டது. 2021இல் வந்த முதல் முடிவு புரூக்ஹேவனின் பழைய அளவை உறுதி செய்தது. 2025 ஜூனில் வந்த இறுதி முடிவின் பிழை நூறு கோடியில் 127 பங்கு.

சிக்கல் முழுவதும் மறுபக்கத்தில். மின்காந்த விசையின் பங்கும் மென்விசையின் பங்கும் கறாராகத் தெரிந்தவை. குவார்க்குகளும் குளூவான்களும் தரும் பங்கைத்தான் காகிதத்தில் கணித்துவிட முடியாது. நெடுங்காலமாக அதற்குக் கையாளப்பட்ட வழி, எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும்போது குவார்க்குகளாலான பயான் என்ற துகள்களின் இணைகள் எந்த அளவில் பிறக்கின்றன என்று அளந்து, அத்தரவிலிருந்து வருவிப்பது. அவ்வழியில் 2020இல் கிடைத்த எண் 0.00116591810. அதோடு ஒப்பிட்டதால்தான் 2021இன் விலகல், பிழையளவின் அலகான சிக்மாவில் 4.2 ஆனது. வெளிகாலத்தைக் கட்டங்களாகப் பிரித்து மீக்கணினியில் நேரடியாகக் கணிக்கும் கட்டவலை முறையோ வேறு எண் சொன்னது. புடாபெஸ்ட்–மார்சேய்–வுப்பர்தால் குழுவின் அக்கணிப்பு, ஃபெர்மி ஆய்வகம் முடிவை அறிவித்த அதே நாளில் ‘நேச்சர்’ இதழில் வெளியாகி, பரபரப்பில் அமுங்கிப்போனது. 2023இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் சிஎம்டி-3 கருவி அளந்த பயான் தரவு, இத்தாலியின் க்ளோ, அமெரிக்காவின் பாபார் ஆகியவற்றின் அளவுகளைவிட உயர்ந்திருந்தது. அங்கேயே இயங்கிய முந்தைய கருவியோடுகூட ஒத்துப்போகவில்லை! எனவே 2025இன் கோட்பாட்டு அறிக்கை மோதல் தரவை ஒதுக்கி, கட்டவலை முறையை ஏற்றது. புதிய எண் 0.00116592033, அளவீட்டின் உலகச் சராசரி 0.001165920715. வேறுபாடு பிழை வரம்புக்குள் அடங்குகிறது.

அளவீட்டோடு பொருந்தும் முறையைத் தேர்ந்துகொண்டு பொருத்தத்தைக் கொண்டாடுவதா என்று கேட்கலாம். புரூக்ஹேவனின் எண் முன்பே எல்லாருக்கும் தெரியும் என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் பின்னர் வேறு குழுக்கள் கணிப்பைக் காலத் துண்டுகளாகப் பிரித்து, சிலர் விடையை மறைத்து வைத்தும், தனித்தனியே செய்து பார்த்தபோது கட்டவலை எண்களே ஒன்றோடொன்று இணங்கின. அந்த இணக்கம் விருப்பத்தால் வந்ததாக எண்ண இடமில்லை.

அப்படியானால் சீர்மரபு ஒப்புரு வென்றுவிட்டதாகக் கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். அதை ஏற்பதற்கில்லை. இன்று கணிப்பின் பிழை அளவீட்டின் பிழையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பொருத்தத்தில் ஒரு பங்கு அந்தத் தாராளத்தால் வந்தது. மேலும், நன்கு சோதிக்கப்பட்ட கருவிகள் ஒரே நிகழ்வுக்கு வெவ்வேறு அளவு காட்டுவது ஏன் என்று யாரும் இன்னும் விளக்கவில்லை. தரவை ஒதுக்கிவைப்பது விளக்கமாகாது. கோட்பாட்டில் பிழை நுழைவதும் புதிதல்ல: 2001இல் புரூக்ஹேவன் அறிவித்த 2.6 சிக்மா விலகல், கணிப்பின் ஒரு சிறு பகுதியில் இருந்த குறிப் பிழை திருத்தப்பட்டதும் 1.6 ஆகச் சுருங்கியது.

ஆகவே தீர்ப்பு மூன்றாவது வழி ஒன்றிலிருந்து வர வேண்டும். செர்ன் ஆய்வகத்தில் முன்மொழியப்பட்டுள்ள ‘மியூஒன்இ’ சோதனை, மியூவான் கற்றையை மெல்லிய தகடுகளிலுள்ள எலெக்ட்ரான்கள்மேல் செலுத்தி, அவை சிதறும் கோணங்களிலிருந்து குவார்க்குகளின் பங்கை அளக்க முனைகிறது. பயான் தரவும் அதற்குத் தேவையில்லை, கட்டவலையும் தேவையில்லை. ஆனால் அதற்கு வேண்டிய துல்லியம் பத்து இலட்சத்தில் சுமார் பத்துப் பங்கு.