பெரியாழ்வார் காட்டும் கண்ணன் பிறந்தநாள்

கண்ணன் பிறந்தநாளைத் தமிழகத்தில் ஒரு சாரார் கோகுலாஷ்டமி என்பர்; வைணவர் ஸ்ரீஜயந்தி என்பர். முன்னவர் தேய்பிறை எட்டாந் திதியைக் கொள்ள, பின்னவர் ஆவணித் திங்கள் உரோகிணியைக் கொள்கின்றனர். 2025ஆம் ஆண்டில் கோகுலாஷ்டமி ஆடி முடியுமுன்னரே, ஆகஸ்டு 16இல் வந்துவிட்டது. ஸ்ரீஜயந்தியோ செப்டம்பர் நடுவில்தான் வந்தது. ஒரு பிறப்பிற்கு இரு நாள்களா என மாணவர் வினவுதல் இயல்பே.

ஒன்பதாம் நூற்றாண்டினர் எனக் கருதப்பெறும் பெரியாழ்வாரும் நாளை நேரே கூறினாரல்லர். அத்த நாளுக்குப் பத்தாவது நாளில் கண்ணன் தோன்றினான் என்கிறார். அத்தம் தொடங்கி முன்னோக்கி எண்ணினால் திருவோணம். பின்னோக்கி எண்ணினால் உரோகிணி! கம்சன் அறியாவண்ணம் நாளை மறைத்த நயம் இது என்பது வைணவ உரைமரபு.

நாளை மறைத்தவர் விழாவை மறைக்கவில்லை. ஆயர்கள் எண்ணெயும் மஞ்சட்பொடியும் எதிரெதிரே தூவிக்கொள்ள, முற்றம் சேறாகிறது. ஓடுவோரும் விழுவோருமாய், குழந்தை எங்கே எனத் தேடுவோருமாய் ஆய்ப்பாடியே தன்னை மறக்கிறது. உறிகளை முற்றத்தில் உருட்டிவிட்டு ஆடுகின்றனர். நெய்யும் பாலும் தயிரும் வாரி இறைக்கின்றனர். தாய் குழந்தையை மஞ்சள் நீராட்டி நாக்கை வழிக்கிறாள். பன்னிரண்டாம் நாளில் திசைதோறும் வெற்றித்தூண்கள் நாட்டப்படுகின்றன. தமிழ்வீட்டுப் பிள்ளைப்பேறு எதுவோ, அதுவே இங்குத் தெய்வப்பிறப்பு.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை இவ்விழாவின் முன்னோடியாகக் காட்டுவாரும் உளர். அது தீநிமித்தங் கண்டு அஞ்சிய மகளிர் ஆடிய கூத்து. பிறப்பு விழா அன்று.

இன்றைய உறியடி பெரியாழ்வார் பாடிய உறியாட்டம் அன்று என்பதும் கருதத்தக்கது. தஞ்சை மாவட்டத்து வரகூர் போன்ற ஊர்களில் உறியைக் கட்டித் தொங்கவிட்டு, நீரைப் பீய்ச்சியடித்து, அடிக்க வருபவரைத் திணறச் செய்கின்றனர். இது வளர்ந்த கண்ணனின் வெண்ணெய்க் களவை நடித்துக் காட்டுவது. ஆய்ப்பாடி உறியோ களிப்பு மிகுதியால் உரியவரே உருட்டிவிட்டது.

இல்லங்களிலும் இக்கலப்பு உண்டு. நள்ளிரவில் பிறக்க வேண்டிய குழந்தை, மாலையிலேயே வாசற்படி கடந்து பூசையறைவரை நடந்து வந்துவிடுகிறது! மாவில் தோய்த்த கைப்பிடியால் அடியை ஒற்றி, விரல்நுனியால் கால்விரல்களை இடுகின்றனர். சீடையும் முறுக்கும் அதன்முன் காத்திருக்கின்றன. பெரியாழ்வார் பிறப்பு, தாலாட்டு, அம்புலி, சப்பாணி, தளர்நடை எனப் பதிகந்தோறும் வளர்த்த பிள்ளையை, இல்லத்தார் ஒரே மாலையில் வளர்த்துவிடுகின்றனர்.

மாக்கோலத்தின் தோற்றம் இதுவே எனத் துணிவதற்கில்லை. எனினும் தளர்நடைப் பதிகத்தில் ஒரு காட்சி உண்டு. உள்ளங்கால்களில் சங்கும் ஆழியும் கொண்ட குழந்தை தள்ளாடிச் செல்லுமிடமெல்லாம், அக்குறிகள் மண்ணில் வரைந்துவைத்தவைபோல் கிடக்கின்றன.