ஐ.பி.பி. (இந்தோ-பர்மா பெட்ரோலியம்)

ஐ.பி.பி., 1909 பிப்ரவரியில் இரங்கூனில் தொடங்கிய எண்ணெய் நிறுவனம். 2007இல் அரசு நிறுவனமான இந்தியன் ஆயிலோடு இணைக்கப்பட்டது. தொடங்கியவர்கள் பர்மாவில் அரிசி, தேக்கு வணிகம் செய்துவந்த ஸ்டீல் பிரதர்ஸ். சீமெண்ணெய் விளக்குதான் அன்று எண்ணெய்க்குப் பெரிய சந்தை. பர்மாக் கிணறுகளின் எண்ணெய் வங்கக்கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தது.

1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக்கூடாதென்று பிரிட்டிஷார் எண்ணெய் வயல்களையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் தாங்களே தகர்த்தார்கள். போருக்குப் பின் பர்மா எண்ணெய்த் தொழில் படிப்படியாக அந்நாட்டு அரசிடம் போய்விட, ஐ.பி.பி.க்கு இந்திய விற்பனையே பிழைப்பானது. 1970இல் அதன் பங்குகளை இந்தியன் ஆயில் வாங்கியது. 1974இல் ஐ.பி.பி. மத்திய அரசு நிறுவனமானது.

பெட்ரோல் பங்க்குகள் நடத்தியதோடு, சுரங்கங்களுக்கான வெடிபொருளும், நாசிக் ஆலையில் கடுங்குளிர்க் கலன்களும் தயாரித்தது. கிராமங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் எடுத்துவரும் திரவ நைட்ரஜன் கலன் அந்த வகைப் பொருள்தான்.

இந்தியாவில் அதற்குச் சொந்தச் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. அதன் வரலாற்றில் மற்ற எதையும்விட இதுவே முக்கியம். பிறர் சுத்திகரித்த எண்ணெயை வாங்கித்தான் விற்றது. அரசே விலையையும் லாபத்தையும் நிர்ணயித்தவரை இந்தக் குறை உறுத்தவில்லை. 2002 ஏப்ரலில் அந்த முறை முடிவுக்கு வரவிருந்த நிலையில், அரசு தன் பங்கை ஏலத்துக்கு விட்டது. ஆலை இருந்தும் பங்க் இல்லாத ரிலையன்ஸ் போன்றோருக்குச் சாலையோரத்தில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த சுமார் 1,500 பங்க்குகள் பெரும் சொத்து. அவற்றை விட்டுக்கொடுக்க இந்தியன் ஆயிலுக்கு மனமில்லை. 2002 பிப்ரவரியில் பங்கு ஒன்றுக்கு 1,551 ரூபாய் வீதம், 33.58 விழுக்காட்டை ஏறக்குறைய 1,154 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

அரசு விற்றதை இன்னொரு அரசு நிறுவனமே வாங்கியதைத் தனியார்மயம் என்று சொல்வது பொருந்தாது. விற்பனை சரிந்து ஐ.பி.பி. மறையவில்லை, அதன் பெட்ரோல் பங்க்குகள் மதிப்பு மிக்கவையாக இருந்ததாலேயே அது விழுங்கப்பட்டது. இணைப்புக்குப் பின் பெயர்ப்பலகைகள் மாறின. வெடிபொருள், கடுங்குளிர்க் கலன் பிரிவுகளை இந்தியன் ஆயில் தன் பெயரில் தொடர்ந்து நடத்தியது.